தாலாட்டு ஆல்ஃப் தினம்

கெய்லீன் எங்கள் வீட்டுக்கு வந்தபோது என் கணவன் ஹெக்டர் சமையலறை மேசையில் குதிரைப் பந்தயப் பக்கத்தை விரித்துவைத்துப் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டிருந்தான். கெய்லீன் எங்கள் தரபில்லா ஊராட்சியின் தலைவி. முப்பத்தாறு வயது. எதையும் நின்றபடியே பேசிவிட்டுப் போகிறவள். அன்றைக்கு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

"மிசஸ் மக்ரே, உங்க அண்ணனுக்கு விழா எடுக்கப் போறோம்" என்றாள். "ஆகஸ்ட் ரெண்டாவது சனிக்கிழமை. 'தாலாட்டு ஆல்ஃப் தினம்'னு பேரு வெச்சிருக்கோம்."

ஹெக்டரின் பென்சில் நின்றது.

"நல்லது. சிலை வைப்பீங்களா?" என்றான். "வைங்க. காக்காய்க்கும் உக்கார இடம் வேணுமில்ல."

"சிலைக்கெல்லாம் நமக்கு வசதி ஏது? பழைய பேங்க் சுவத்துல ஒரு பித்தளைப் பலகை. அப்புறம் ஆடு கத்தரிக்கிற போட்டி, சாப்பாடு, பாட்டு. இந்த வழியா போற காருங்க நம்ம ஊர்ல பெட்ரோல் போடக்கூட நிக்கறதில்ல. பக்கத்து ஊர்க்காரனுக்கு டைனோசர் எலும்பு கெடைச்சுது. நமக்கு இருக்கறது ஆல்ஃப் டன்ஸ்டன்தான்."

"அவனும் இந்நேரம் எலும்பாத்தான் இருப்பான்."

"இல்ல மிஸ்டர் மக்ரே. உயிரோட இருக்காரு. தெற்க மரே நதிக்கரையில. போன வாரம் போன்ல பேசினேன். வரேன்னுட்டாரு."

நான் கெட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தேன். அதை எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. நாற்பது வருஷம். ஒரு கடிதம் கிடையாது, கிறிஸ்துமஸ் வாழ்த்து கிடையாது. அவன் மனைவி பெக் இறந்ததைக்கூட இரண்டு வருஷம் கழித்து யாரோ சொல்லித்தான் கேள்விப்பட்டேன்.

ஹெக்டர் நாளிதழை மடித்தான். எழுந்து தொப்பியைப் போட்டுக்கொண்டான்.

"அன்னிக்கு நான் மீன் பிடிக்கப் போறேன்" என்றான்.

"ஆத்துல தண்ணியே இல்லியே ஹெக்டர்" என்றேன்.

"பரவால்ல. உக்காந்திருப்பேன்."

* * *

ஆல்ஃபைப் பற்றி எங்கள் பக்கத்தில் சொல்லத் தேவையில்லை, இருந்தாலும் சொல்கிறேன். ஆடு கத்தரிக்கிற வேலையில் பலம் உள்ளவர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். ஆட்டைப் பிடித்து உட்காரவைத்து முழங்காலுக்குள் இறுக்கி, அது உதைக்க இவர்கள் திட்ட, ஒரு மல்யுத்தம் மாதிரி நடக்கும். ஆல்ஃபிடம் அது கிடையாது. அவன் இடது கை ஆட்டின் தாடைக்கடியில் போன உடனே அது கழுத்தைத் தொங்கப்போட்டுவிடும். சில ஆடுகள் கண்ணை மூடிக்கொள்ளும். இயந்திரக் கத்தரி வயிற்றிலிருந்து தொடை, தொடையிலிருந்து முதுகு என்று நீளமாகப் போய்வரும். ரோமம் முழுசும் ஒரே போர்வையாகக் கழன்று விழும். ஆடு எழுந்து, தனக்கு என்ன நடந்தது என்று தெரியாமல் சுற்றுமுற்றும் பார்க்கும். அதனால்தான் அவனுக்குத் தாலாட்டு என்று பெயர் வந்தது.

க்ளெனாரின் பண்ணையில் அவன் பேர் வாங்கிய அந்த நாள் எனக்கு ஒவ்வொரு மணியும் நினைவிருக்கிறது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பது, அக்டோபர். எனக்கும் ஹெக்டருக்கும் கல்யாணமாகி ஐந்து மாதம். நான் பண்ணை வீட்டுச் சமையலறையில் வேலை பார்த்தேன். ஆல்ஃபும் ஹெக்டரும் கொட்டகையில் பக்கத்துப் பக்கத்து இடத்தில் நின்றார்கள். அவர்கள் எப்போதும் அப்படித்தான். எந்தப் பண்ணைக்குப் போனாலும் இரண்டு பேரும் சேர்ந்தே போவார்கள், சேர்ந்தே நிற்பார்கள். எனக்கு ஹெக்டரைக் காட்டியதே ஆல்ஃப்தான். "இவன் ஒருத்தன்தான் என் பக்கத்துல நின்னும் எனக்கு எரிச்சல் வரல. நீ கட்டிக்க" என்றான்.

காலைத் தேநீர் எடுத்துக்கொண்டு கொட்டகைக்கு நடந்தேன். பெண்கள் யாராவது வந்தால் வாசலில் நிற்பவன் "குளத்துல வாத்து வருது!" என்று கத்துவான். உள்ளே இருப்பவர்கள் கெட்ட வார்த்தைகளை விழுங்கிக்கொள்வதற்கு அதுதான் அடையாளம். அன்றைக்கு யாரும் கத்தவில்லை. உள்ளே போனால் யாரும் என்னைப் பார்க்கவுமில்லை. இரண்டு மணி நேரத்தில் ஆல்ஃப் எழுபத்திரண்டு ஆடு முடித்திருந்தான்.

மத்தியானத்துக்குள் செய்தி ஊருக்குப் போய்விட்டது. பேக்கரிக்காரர் கடையை மூடிவிட்டு வந்தார். பாதிரியார் வந்தார். பள்ளிக்கூடத்து ஆசிரியை வகுப்பு மொத்தத்தையும் லாரியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டாள். கொட்டகை நிறைய ஆள், ஆனால் சத்தமில்லை. கத்தரிகளின் சீறலும் பலகையில் குளம்பு உரசுவதும்தான். மாலை ஐந்தரைக்கு மணி அடித்தபோது ஆல்ஃபின் கணக்கு இருநூற்று எண்பத்தேழு. எங்கள் ஊரில் ஒரு நல்ல ஆள் நாள் முழுக்க நூற்று நாற்பது முடித்தால் அந்தப் பெருமையில் எல்லாருக்கும் பீர் வாங்கித் தருவான்.

ஆல்ஃப் நிமிர முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். ஹெக்டர் அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு வெளியே வந்தான். அந்த இரவு ஹெக்டரின் வலது மணிக்கட்டு பூசணிப் பிஞ்சு மாதிரி வீங்கியிருந்தது. "என்ன ஆச்சு?" என்றேன். "ஒரு முரட்டு ஆடு" என்றான். நான் ஈரத்துணி சுற்றிவிட்டேன்.

* * *

அப்புறம் ஐம்பத்தாறு வந்தது.

கூலியைக் குறைத்தார்கள். அதை எதிர்த்து ஜனவரியில் எங்கள் மாநிலம் பூராவும் கத்தரிக்கிறவர்கள் கருவியைக் கீழே வைத்தார்கள். எங்கள் ஊர்ச் சங்கத்துக்கு ஹெக்டர்தான் பிரதிநிதி. ஊரே சங்கத்தின் பக்கம் நின்றது. கசாப்புக்கடைக்காரர் எலும்பும் கொழுப்புமாகக் கொடுத்தனுப்புவார். நாங்கள் முயல் பிடித்துத் தின்றோம். முயல் வறுவல், முயல் குழம்பு, மாவுக்குள் வைத்துச் சுட்ட முயல். இன்றைக்கும் எனக்கு முயல் வாடை ஆகாது.

ஆல்ஃபும் பொறுத்தான். பிப்ரவரி, மார்ச், ஜூன் வரைக்கும். ஜூலை மாதம் ஒரு திங்கட்கிழமை, போலீஸ் காவலோடு வெளியாட்களைக் கொண்டுபோய் வேலை நடத்திக்கொண்டிருந்த ஒரு பண்ணைக்கு, விடிவதற்கு முன்னால் தன் கருவிப் பெட்டியோடு போய்விட்டான்.

ஹெக்டரிடம் சொல்லவில்லை. என்னிடம் சொல்லவில்லை. யாருக்கும் காரணம் சொல்லவில்லை.

அந்தச் சனிக்கிழமை ஊர் மதுக்கடைக்கு வந்தான். அவன் உள்ளே நுழைந்ததும் ஹெக்டர் தன் பாதி பீரை அப்படியே வைத்துவிட்டு வெளியே நடந்தான். அவன் பின்னால் எல்லாரும், ஒருத்தர் பின் ஒருத்தராக. இருபத்தைந்து பாதிக் கிளாஸ்களும் ஆல்ஃபும் மட்டும் மிச்சம். கடைக்காரர் அவனுக்கு ஒரு பீர் ஊற்றித் தந்து, "இது ஒண்ணு குடிச்சுக்கோ ஆல்ஃப். இனிமே வராத" என்றாராம். அவன் குடிக்கவில்லை. மறுநாள் யாரோ அவன் வேலியில் தாரால் எழுதியிருந்தார்கள்: கருங்காலி.

பேக்கரியில் ரொட்டி தரவில்லை. பெக் தேவாலயத்துக்குப் போனால் அந்த வரிசையே காலியாகும். மூன்று வாரத்தில் தபால் லாரியில் சாமான்களை ஏற்றிக்கொண்டு, நான்கு வயதுப் பெண் ரோண்டாவையும் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

அதற்கப்புறம் ஊரில் ஒரு கதை பரவியது. ரோண்டாவுக்கு இளம்பிள்ளை வாதம், பிரிஸ்பேனில் வைத்தியம் பார்க்க வேண்டியிருந்தது, வேறு வழியில்லாமல்தான் ஆல்ஃப் போனான் என்று. வருஷங்கள் போகப் போக அந்தக் கதைக்குச் சதை போட்டது. காலில் இரும்புப் பட்டை வந்தது. மருத்துவர் சொன்ன வார்த்தைகள் வந்தன. கோபம் கொஞ்சம் கொஞ்சமாக இளகி, "பாவம், என்ன பண்ணுவான்" என்று ஆயிற்று.

அந்தக் கதையை ஆரம்பித்தவள் நான். ஐம்பத்தேழில், ஒரு தையல் வகுப்பில், யாரோ என் அண்ணனைப் பற்றிப் பேசியது பொறுக்காமல் வாயில் வந்ததைச் சொன்னேன். இதை நான் யாரிடமும் ஒப்புக்கொண்டதில்லை. ஹெக்டரும் அந்தக் கதையை நம்பினானா, என்னைச் சந்தேகித்தானா, எனக்குத் தெரியாது. எங்கள் வீட்டில் ஆல்ஃப் என்ற பெயரே எழுவதில்லை.

* * *

விழா நாள் காலையில் ஹெக்டர் தூண்டிலை எடுத்துக்கொண்டு வேனில் கிளம்பினான். நான் நீலக் கவுனைப் போட்டுக்கொண்டு நடந்தே கடைத்தெருவுக்குப் போனேன்.

தரபில்லாவில் அவ்வளவு கூட்டத்தை நான் பார்த்து வெகு நாளாகியிருந்தது. தெருவை அடைத்துப் பந்தல் போட்டிருந்தார்கள். நெருப்புச் சட்டியில் ஆட்டுக்கறி சுட்டார்கள். மாதர் சங்க மேசையில் லாமிங்டன் கேக் பத்து மணிக்கே பாதி தீர்ந்துவிட்டது. சின்னப் பிள்ளைகள் பஞ்சு ஒட்டிய தொப்பி போட்டு ஆட்டுக்குட்டி வேஷத்தில் ஓடின. எல்லார் கையிலும் கெய்லீன் அச்சடித்த மஞ்சள் தாள். முன்பக்கம் ஆல்ஃபின் பழைய படம். பின்பக்கம், கொட்டை எழுத்தில், "நோயுற்ற மகளுக்காகத் தன் நற்பெயரையே தியாகம் செய்த தந்தை."

அந்தப் பக்கம் உள்ளே போகும்படி என் தாளை மடித்தேன்.

பதினோரு மணிக்கு ஒரு வெள்ளைக் கார் வந்து நின்றது. ஓட்டிவந்தவள் இறங்கினாள். நல்ல உயரம், பருமன், காற்பந்து ஆடுகிறவள் மாதிரி கால்கள். அவள்தான் ரோண்டா. யாரோ அவள் கையில் மஞ்சள் தாளைத் திணித்தார்கள். படித்தாள். திருப்பிப் படித்தாள்.

"எனக்கு போலியோவா?" என்று சத்தமாகக் கேட்டாள். "அப்பா, எனக்கு எப்ப போலியோ வந்துச்சு?"

காரின் இன்னொரு கதவு திறந்தது. ஒரு கைத்தடி வந்தது. அப்புறம் ஆல்ஃப். எண்பத்திரண்டு வயதில் அவன் பாதியாகச் சுருங்கிப்போயிருந்தான். கை மட்டும் அப்படியே பெரிதாக இருந்தது. அவன் தாளை வாங்கிக் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தான். அப்புறம் தலையைத் தூக்கிக் கூட்டத்தில் தேடினான். என்னைப் பார்த்தான். நான் நகரவில்லை. அவன் தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். அவ்வளவுதான்.

பலகையைத் திறந்துவைத்தார்கள். கைதட்டினார்கள். கெய்லீன் மைக்கை அவன் கையில் கொடுத்தாள்.

"நல்லா இருக்கீங்களா எல்லாரும்?" என்றான் ஆல்ஃப். குரல் மாறவேயில்லை. "இந்தத் தாள்ல எழுதியிருக்கறது அழகா இருக்கு. எழுதினவங்க என்மேல பிரியம் உள்ளவங்க. ஆனா உண்மை கெடையாது. என் பொண்ணுக்கு அம்மை வந்துச்சு, ஒரு தடவை பல் விழுந்துச்சு. அவ்ளோதான்."

சிலர் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை.

"நான் ஏன் போனேன்னு எனக்கு ரொம்ப நாளா சொல்லத் தெரியல. சொல்ற மாதிரி காரணம் இருந்தா அன்னிக்கே சொல்லியிருப்பேன். வீட்ல சோறு இல்லாம இல்ல. எல்லார் வீட்லயும் இருந்த மொயல் எங்க வீட்லயும் இருந்துச்சு. எனக்குக் கை தெனவெடுத்துச்சு, அதான் விஷயம். எனக்கு அப்ப நாப்பத்திரண்டு வயசு. இன்னும் நாலஞ்சு வருஷந்தான் இந்த வேகம் இருக்கும்னு தெரியும். ஏழு மாசம் அதுல வீணாப் போச்சு. ராத்திரி கனவுல ஆடு வரும். ஒரு நாள் காலைல எந்திரிச்சேன், பெட்டிய எடுத்தேன், போயிட்டேன். என்னை நம்பி நின்ன ஆளுங்கள விட்டுட்டு, எனக்கு ஆசையா இருந்துச்சுன்னு போனேன். கருங்காலின்னு எழுதினாங்க. சரியாத்தான் எழுதினாங்க. எழுத்துப் பிழைகூட இல்ல."

கறி சுடுகிறவன்கூடக் கையை நிறுத்திவிட்டான். கெய்லீனின் முகம் அவள் அச்சடித்த தாளின் நிறத்துக்கு வந்திருந்தது.

"இன்னொண்ணு" என்றான் ஆல்ஃப். "இருநூத்தி எம்பத்தேழுன்னு பித்தளையில அடிச்சு வெச்சிருக்கீங்க. அதுல பாதி ஹெக்டர் மக்ரேவோடது. எங்க ரெண்டு பேருக்கும் ஆடு பிடிக்க ஒரே பட்டி. பட்டியில நல்ல ஆடும் இருக்கும், தோல் மடிப்பு மடிப்பா இருக்கற மோசமான ஆடும் இருக்கும். அந்த ஆட்டுல கைய வெச்சா ரெண்டு ஆட்டு நேரம் போயிரும். அன்னிக்குக் காலைல எட்டு மணிலருந்து சாயங்காலம் வரைக்கும் ஹெக்டர் மோசமானதா பாத்துப் பாத்து அவன் எடுத்துக்கிட்டான். நல்லதெல்லாம் எனக்கு விட்டான். ஒரு வார்த்தை சொல்லல. நானும் கேக்கல. எனக்குத் தெரியாதுன்னு அவன் நெனச்சிருப்பான். எனக்குத் தெரியும்."

அப்போதுதான் எனக்கு அந்த வீங்கிய மணிக்கட்டு ஞாபகம் வந்தது. ஒரு முரட்டு ஆடு என்றானே. நூற்றுக்கு மேல் முரட்டு ஆடு.

"அந்த ஆளைத்தான் நான் விட்டுட்டுப் போனேன்" என்றான் ஆல்ஃப்.

கூட்டத்தின் பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

"இதை அன்னிக்கே சொல்லித் தொலைஞ்சிருந்தா, மூக்குல ஒரு குத்தோட முடிஞ்சிருக்கும்ல?"

மருந்துக்கடை வாசலில் ஹெக்டர் நின்றிருந்தான். கையில் தூண்டில். காலில் ஆற்று மணல்கூட இல்லை. ஆற்றுப் பக்கமே போயிருக்கமாட்டான்.

ஆல்ஃப் மைக்கை வாயருகில் கொண்டுபோனான். "மூக்கு இங்கதான இருக்கு. வந்து குத்து."

"கண்ணாடிய கழட்டு மொதல்ல."

"கழட்டினா நீ எங்க இருக்கேன்னு எனக்குத் தெரியாது."

யாரோ ஒருத்தர் சிரித்தார். அதிலிருந்து தெருவே சிரித்தது. ஹெக்டர் மட்டும் சிரிக்கவில்லை. நின்ற இடத்திலேயே நின்றான். கெய்லீன் சமாளிக்கிற வேகத்தில், "இப்ப நம்ம சாம்பியன் நமக்காக ஒரு ஆடு கத்தரிச்சுக் காட்டுவாரு!" என்று கூவிவிட்டாள். அது நிகழ்ச்சியிலேயே இல்லை. போட்டிக்காக நிறுத்தியிருந்த மேடைக்கு இரண்டு பேர் ஓர் ஆட்டை இழுத்துவந்தார்கள்.

ரோண்டா, "அப்பா, வேணாம்" என்றாள். ஆல்ஃப் கைத்தடியை அவளிடம் கொடுத்தான்.

அவன் இடது கை ஆட்டின் தாடைக்கடியில் போனது. ஆடு கழுத்தைத் தொங்கப்போட்டது. கூட்டம் மூச்சுவிட்டது எனக்குக் கேட்டது. இயந்திரம் சீறியது. வயிற்று ரோமம் கழன்று வந்தது. பின்னங்கால் வந்தது. மெதுவாகத்தான், ஆனால் வெண்ணெயில் கத்தி போகிற மாதிரி, ஒரு நெருடல் இல்லாமல். நாற்பது வருஷம் அப்படியே சுருண்டு எங்கோ போய்விட்டது. நான் க்ளெனாரின் கொட்டகை வாசலில் தேநீர்ப் பாத்திரத்தோடு நின்றேன்.

முதுகுப் பக்கம் திருப்ப வேண்டிய இடத்தில் அவன் நின்றான். இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. அவன் ஆட்டின்மேல் குனிந்தபடியே இருந்தான். வேண்டுமென்றுதான் நிறுத்தியிருக்கிறான் என்று நினைத்து எல்லாரும் கைதட்டினார்கள். அவன் முகம் சுண்ணாம்பாகிக்கொண்டிருந்தது. இடுப்பு பிடித்துக்கொண்டுவிட்டது. எழவும் முடியவில்லை, முடிக்கவும் முடியவில்லை.

நான் ஓர் அடி எடுத்துவைப்பதற்குள் ஹெக்டர் மேடையில் இருந்தான். பதினோரு வருஷம் பக்கத்தில் நின்றவன். அந்த முதுகைப் பற்றி அவனுக்குத் தெரியாததா?

"நகரு" என்றான்.

"நான் முடிச்சிருவேன்."

"கிழிச்ச. நகருடா கருங்காலி."

நாற்பது வருஷத்தில் அந்த வார்த்தையை யாரும் அவன் முகத்துக்கு நேராகச் சொன்னதில்லை. ஆல்ஃப் அண்ணாந்து அவனைப் பார்த்தான். அவன் தோள்கள் குலுங்கின. முதலில் அழுகிறான் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தான். இடுப்பு வலியில் "ஆ... ஆ..." என்று முனகிக்கொண்டே சிரித்தான். ரோண்டாவும் இன்னொருத்தரும் சேர்ந்து அவனைத் தூக்கி நாற்காலியில் உட்காரவைத்தார்கள்.

ஹெக்டர் ஆட்டை முழங்காலுக்கிடையில் இறுக்கினான். அது உடனே விழித்துக்கொண்டு உதைத்தது. இவன் திட்டினான். வாத்து என்று யாரும் எச்சரிக்காததால் பாதிரியார் உட்பட எல்லாரும் அதைக் கேட்டார்கள்.

"என்ன வெட்டு இது?" என்றான் ஆல்ஃப் நாற்காலியிலிருந்து. "எலி கொறிச்ச மாதிரி இருக்கு."

"வாய மூடு."

"காது பத்திரம். அதுக்கு ரெண்டுதான் இருக்கு."

கடைசி வீச்சில் ஆடு திமிறிப் பிடுங்கிக்கொண்டு ஓடியது. ஒரு பக்கம் பட்டு மாதிரி, இன்னொரு பக்கம் திட்டுத் திட்டாக ரோமத்தோடு, லாமிங்டன் மேசையை இடித்துத் தள்ளிவிட்டு, கடைத்தெரு வழியாக மேற்கே போனது. ஆட்டுக்குட்டி வேஷம் போட்ட பிள்ளைகள் எல்லாம் அதன் பின்னால் ஓடின. நெடுஞ்சாலையில் போன மூன்று கார்கள் நின்று பார்த்தன. கெய்லீன் அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல், அந்தக் கார்க்காரர்களிடம் மஞ்சள் தாள் கொடுக்க ஓடினாள்.

* * *

ஆல்ஃபை எங்கள் வீட்டுக்குத்தான் கொண்டுபோனோம். மருத்துவர் வந்து ஓர் ஊசி போட்டு, நாலு நாள் அசையக்கூடாது என்றார். "என் வீட்லயா?" என்றான் ஹெக்டர். யாரும் பதில் சொல்லாததால் போய்த் தலையணை எடுத்துவந்தான்.

மறுநாள் காலையில் ஹெக்டரும் ரோண்டாவும் ஆட்டைத் தேடுகிறவர்களோடு போயிருந்தார்கள். நான் சமையலறையில் உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்தேன். நாற்காலியில் முதுகுக்குத் தலையணை வைத்து ஆல்ஃப் உட்கார்ந்திருந்தான்.

"போலியோ உன் வேலைதான?" என்றான்.

"ஆமா."

"தெரியும். சின்ன வயசுலயே நீ பொய் சொன்னா அதுல ஒரு டாக்டர் இருப்பாரு."

நான் கத்தியைக் கீழே வைத்தேன். சொல்லவேண்டியது அது இல்லை. சொல்லவேண்டியது வேறு. நாற்பது வருஷமாக எல்லாரும், ஹெக்டர்தான் என்னையும் என் அண்ணனையும் பிரித்துவிட்டான் என்று நினைத்தார்கள். நானும் அப்படியே நினைக்கவிட்டேன். ஹெக்டரும் மறுக்கவில்லை. ஆனால் தபால் லாரி கிளம்பிய அன்று ஹெக்டர் வீட்டிலேயே இல்லை. சங்கக் கூட்டத்துக்குப் போயிருந்தான். ஆல்ஃப் வந்து கதவைத் தட்டினான். "டோரி" என்று கூப்பிட்டான். மூன்று தடவை கூப்பிட்டான்.

"அன்னிக்கு நான் வீட்லதான் இருந்தேன், ஆல்ஃப். கதவுக்கு இந்தப் பக்கம் நின்னுட்டிருந்தேன். ஹெக்டர் ஒண்ணும் என்னைத் தடுக்கல. தெருவுல எல்லாரும் பாத்துட்டு இருந்தாங்க. எனக்கு பயமா இருந்துச்சு. நானேதான் தொறக்கல."

அவன் ஓர் உருளைக்கிழங்கை எடுத்து உருட்டிக்கொண்டிருந்தான்.

"கதவுக்கடியில சந்து இருந்துச்சு டோரி. உன் செருப்பப் பாத்தேன்" என்றான்.

நான் அவனுக்கு எதிரில் உட்கார்ந்தேன்.

"அதான் எழுதாம இருந்தியா?"

"இல்ல. நீ தொறந்திருந்தா ஏன் போனேன்னு கேட்டிருப்ப. எனக்குக் கையரிப்பு, அதான்னு உன் மூஞ்சியப் பாத்துச் சொல்லணும். சொல்லிட்டு எப்பிடி லாரி ஏர்றது? நீ தொறக்காதது எனக்கு நிம்மதியாத்தான் இருந்துச்சு. அந்த நிம்மதிக்கு வெக்கப்பட்டுத்தான் எழுதல."

அவன் மேசையிலிருந்து இன்னொரு கத்தியை எடுத்து உருளைக்கிழங்கு சீவ ஆரம்பித்தான். தோல் உடையாமல் ஒரே நாடாவாகச் சுற்றிச் சுற்றி விழுந்தது. நான் அழுதுகொண்டே பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் தலை நிமிரவில்லை. எங்கள் வீட்டில் அழுகிறவர்களை அப்படித்தான் விடுவது வழக்கம்.

நாலு நாள் ஏழு நாளாயிற்று. ஹெக்டரும் அவனும் காலையிலிருந்து சண்டை போட்டார்கள். ஐம்பத்தாறில் சங்கம் எங்கே சறுக்கியது, க்ளெனாரினில் எந்த வருஷம் மழை, பெக்கை முதலில் நடனத்துக்குக் கூப்பிட்டது யார், எல்லாவற்றுக்கும் சண்டை. கிளம்புகிற அன்று ஆல்ஃப் கையை நீட்டினான். ஹெக்டர் அதைப் பார்த்தான்.

"நீ செஞ்சது தப்புதான். அது மாறாது" என்றான்.

"மாறாது" என்றான் ஆல்ஃப்.

அப்புறம்தான் ஹெக்டர் கையைப் பிடித்தான். ரோண்டா காரைக் கிளப்பி மூன்று நிமிஷம் ஆகியும் விடவில்லை.

அதன்பின் ஞாயிற்றுக்கிழமை தோறும் பத்து மணிக்கு அங்கிருந்து தொலைபேசி வரும். என்னிடம் இரண்டு வார்த்தை; மிச்சமெல்லாம் ஹெக்டரிடம். ஒரு மணி நேரம் கத்துவார்கள். பந்தயக் குதிரை, மூட்டுவலி மாத்திரை, இறந்துபோனவர்களின் பெயர்கள். நான் பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்பேன். கழுவ ஒன்றும் இல்லாவிட்டாலும் தண்ணீரைத் திறந்துவைத்துக்கொண்டு நிற்பேன்.

இரண்டரை வருஷம் அப்படிப் போனது. ஒரு செவ்வாய்க்கிழமை ரோண்டா கூப்பிட்டு, அப்பா தூக்கத்திலேயே போய்விட்டார் என்று சொன்னாள். ஹெக்டர் எண்பது வயதில் இரண்டு நாள் வேன் ஓட்டிக்கொண்டு என்னை அழைத்துப்போனான். அங்கே ஆரஞ்சுத் தோப்புகளுக்கு நடுவில் பெக்குக்குப் பக்கத்தில் அவனைப் புதைத்தோம். சவப்பெட்டி தூக்க ஆள் இருந்தும் ஹெக்டர் முன்கைப்பிடியை யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை.

திரும்பி வந்த பின் வந்த முதல் ஞாயிறு பத்து மணிக்கு ஹெக்டர் தொலைபேசிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தான். பத்தேகாலுக்கு எழுந்து, "இந்த வருஷம் தக்காளி போடலாமா?" என்று கேட்டான். போடலாம் என்றேன். இரண்டு பேரும் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனோம்.